கப்பல் வரவில்லை என்று சொன்னேன்

என் மகளைத் தேற்றிக்கொண்டிருந்த மருந்தை நான் நிறுத்தினேன். மருந்து கிடைக்காமல் அல்ல, கையில் காசு இல்லாமலும் அல்ல. தெரிந்தே, வேண்டுமென்றே நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, யுத்தத்தால் கப்பல் வரவில்லை என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன்.

கப்பல் வந்தது! அது எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. கரையைவிட்டுத் தள்ளி நங்கூரமிடுகிற கப்பல்களிலிருந்து தோணிகளில் வந்து இறங்கும் சரக்கைப் பெட்டி பெட்டியாக எண்ணிச் சரிபார்க்கிற டாலி கிளார்க் வேலை என்னுடையது. தூத்துக்குடித் துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்தது, எது வரவில்லை என்று மற்றவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். என் மனைவி வடிவும் என்னிடம்தான் கேட்டாள்.

இதை வாசிக்கிற நீங்கள் என்மேல் இரக்கப்பட வேண்டாம். போதுமான அளவுக்கு எல்லோரும் இரக்கப்பட்டுவிட்டார்கள். "பாவம், பிள்ளைவாள்! யுத்தம் அவர் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டதே" என்று தெருவே சொன்னது. நானும் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டு நின்றேன்... என்ன மனிதன் நான்!

கோமதி எங்களுக்கு நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. கோமு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தாள். அழமாட்டாள். பாலுக்குக்கூட எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். பார்க்க வந்த பெண்கள் எல்லாம், தவம் செய்தாலும் இப்படி ஒரு சமத்துப் பிள்ளை கிடைக்காது என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வடிவுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே உறுத்தியது.

"ஏங்க, இந்தப் பிள்ளை கையைத் தொட்டுப் பாருங்க. சித்திரை வெயில்லயும் சில்லுனு கெடக்கு. நாக்கு வாய்க்குள்ள அடங்க மாட்டேங்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ஏளா, ஊர்ல அவனவன் பிள்ளை அழுகுதுன்னு தூக்கமில்லாம அலையுதான். ஒனக்கு அழாத பிள்ளை வாச்சா அதுவும் ஒரு கொறையா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

கோமு வயதுப் பிள்ளைகள் நடந்தார்கள், ஓடினார்கள், வாயாடினார்கள். கோமு சுவரில் சாய்த்துவைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தோல் வறண்டு, முகம் வீங்கி, தொப்புள் பிதுங்கி... எப்போதாவது அழுதால் தொண்டை கட்டிய கிழவியின் குரல் வந்தது. சாத்தான்குளத்து வைத்தியர் மாந்தம் என்று செந்தூரம் கொடுத்தார். இன்னொருவர் பூர்வஜென்மக் கர்மம் என்றார். திருச்செந்தூரில் மொட்டை போட்டோம். உடன்குடியில் எனக்குத் தெரிந்த கருப்பட்டி வியாபாரி ஒருவர், கிரக தோஷம் என்று யாரிடமோ ஜாதகம் பார்த்து வந்து சொன்னார். நான் எல்லாவற்றையும் நம்பினேன். நம்பினால் மேற்கொண்டு அலைய வேண்டியதில்லை அல்லவா?

வடிவு விடவில்லை. பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பார்க்கிற ஒரு டாக்டர் இருக்கிறார் என்று யாரிடமோ கேட்டு வந்தாள். என்னைத் துளைத்தெடுத்து ரயிலேற்றினாள்.

அந்த டாக்டர் கோமுவின் கழுத்தை இரண்டு விரல்களால் மெல்லத் தடவினார். நாக்கைப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பிள்ளைவாள், இது மாந்தமும் இல்ல, கர்மமும் இல்ல. கழுத்துக்குள்ள தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பும் மூளையும் வளர அதுலேருந்து ஒரு சத்து ஊறணும். இவளுக்கு ஊறலைன்னு நெனைக்கேன்."

வடிவு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "வயித்துல இருக்கும்போது நான் ஏதும் ஆகாததைத் தின்னுட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் அவர். அதுவரை என் வீட்டார் அத்தனை பேரும் அவள்மேல்தான் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதுதான் நோயா என்று நான் கேட்டேன். "குடுத்துப் பாப்போம். மருந்து கேட்டா நோய் அதுதான்" என்றார். தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையின் பெயரைச் சொல்லி, அங்கே சீமையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள் என்றார். பழுப்புக் குப்பியில் சின்னச்சின்ன மாத்திரைகள்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் சிரிக்கலாம். வடிவு அந்தக் குப்பியைப் பூசை அலமாரியில் வைத்தாள். முருகன் படத்துக்குப் பக்கத்தில், திருநீற்று மரவைக்கு அருகே. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, நெற்றியில் நீறு பூசி, மாத்திரையைப் பொடித்துக் கருப்பட்டிப் பாகில் குழைத்து நாக்கில் தடவுவாள். நாங்கள் சுத்த சைவம். பூசை முடியாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காத வீடு. எங்களுக்கு மருந்தும் பிரசாதம்தான்.

மருந்து கேட்டது!

சில வாரங்களிலேயே, சில்லென்று கிடந்த கை சுட்டது. பசிக்கு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வடிவு அடுப்படியிலிருந்து கும்பிட்டுக்கொண்டே ஓடிவந்தாள். மாசங்கள் போகப்போகக் கோமு சுவரைப் பிடித்து எழுந்தாள், பிடியை விட்டு நடந்தாள். "ம்மா" என்றாள். காக்காயைப் பார்த்துக் கை காட்டினாள். காலையில் தானாகவே பூசை அலமாரிக்கு முன்னால் போய் நின்று, வாயை அகலத் திறந்துகொண்டு காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். குருவிக்குஞ்சு மாதிரி நிற்கிறாள் பாருங்கள் என்று வடிவு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த முறை பாளையங்கோட்டைக்கு நான் மட்டும் போனேன். மனம் நிறைந்து போயிருந்தது. "இந்த மருந்து என்ன மூலிகை டாக்டர்? வீட்டுக் கொல்லையில வச்சு வளர்க்க முடியுமா?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்! இவ்வளவு நல்லது செய்கிற ஒன்று வேரோ இலையோ அல்லாமல் வேறு எதுவாகவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "மூலிகையா? ஆட்டுக் கழுத்துலேருந்து அறுத்தெடுக்கிற சுரப்பி பிள்ளைவாள். காயவச்சுப் பொடியாக்கி மாத்திரையா அடிக்கான். சில கம்பெனியில மாடு, பன்னியும் உண்டு..."

என் நெற்றியில் இருந்த நீற்றுப்பட்டையை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. சிரிப்பு நின்றது. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"பிள்ளைவாள், நிறுத்திராதீங்க. ஏற்கெனவே பிந்தித்தான் வந்திருக்கிய. மூளை வளர்றது இந்தச் சின்ன வயசுலதான். இப்ப விட்டுட்டு, பெறகு எத்தனை குப்பி குடுத்தாலும் போனது திரும்பாது."

கேட்டுக்கொண்டீர்களா? எனக்குத் தெரியும். யாரும் சொல்லாமல் விட்டுவிடவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சந்துகூட இல்லை.

ஆசாரத்துக்காக நிறுத்தினேன் என்று நினைத்தீர்களானால் என்னை மிகவும் உயர்த்திவிட்டீர்கள். ஆசாரத்தில் அத்தனை பிடிப்புள்ளவன் அன்றைக்கே வீட்டில் வந்து சொல்லியிருப்பான். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு.

கோமு பிறப்பதற்கு முந்தின வருஷம், எங்கள் மடத்தில் குருபூசை. பெரிய பந்தி. என் சித்தப்பா மகன் உலகநாதனும் இலையில் உட்கார்ந்திருந்தான். அவன் மகனுக்கு நெஞ்சுச் சளி முற்றி எலும்பும் தோலுமாகக் கிடந்த சமயம். டாக்டர் சொன்னார் என்று உலகநாதன் அந்தப் பையனுக்கு ஆட்டெலும்புச் சூப்பு வாங்கிக் கொடுத்தான் என்பது எப்படியோ என் காதுக்கு எட்டியிருந்தது.

இலையில் சோறு விழுந்தபிறகு நான் எழுந்து நின்றேன். "ஆட்டெலும்பு நொழஞ்ச வீட்டுக்காரனோட ஒரே பந்தியில என்னால உக்கார முடியாது" என்றேன். மடமே திரும்பிப் பார்த்தது.

"அண்ணாச்சி, நான் தொடல. எம் பிள்ளை குடிச்சான். அவன் உசுரு போயிட்டிருந்துச்சு அண்ணாச்சி..."

"உசுரு போனாப் போவுது. ஆசாரம் போலாமால?"

இது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. உலகநாதன் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனான். அதன்பிறகு அவனை எந்த விசேஷத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. எனக்கோ மடத்தில் முதல் இலை. சைவம் என்றால் பிள்ளைவாள், பிள்ளைவாள் என்றால் சைவம் என்று பேச்சு.

இப்போது அந்த முதல் இலைக்காரனின் வீட்டில், பூசை அலமாரியில், முருகனுக்குப் பக்கத்தில் ஆட்டின் கழுத்து!

யாருக்கும் சொல்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்துவிடலாம் என்றுதான் ரயிலில் வரும்போது நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் வடிவு வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் குப்பியை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எந்த மருந்து, எங்கே கிடைக்கும், எதில் செய்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருநாள் கடற்கரை ரோட்டில் உலகநாதன் எதிரே வந்தான். எங்களுக்குள் பேச்சு நின்று வருஷங்களாகியிருந்தது. அவனாகவே நின்றான்.

"கோமு நடக்காளாமே அண்ணாச்சி. கேட்டதுலேருந்து மனசுக்கு ரொம்ப நெறவா இருக்கு. என்ன மருந்து குடுக்கிய?"

அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இன்று நினைத்துப் பார்த்தாலும் வேறு எதுவும் இல்லை. ஆனால் அன்று எனக்கு அது மிரட்டலாகக் கேட்டது. இவனுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த குருபூசையில் எழுந்து நிற்கப்போகிறான் என்று நினைத்தேன். ஒரு நல்ல மனிதனின் விசாரிப்பைக்கூட நேராகப் பார்க்கத் தெரியாத கண்கள் எனக்கு!

மறுநாள், அதே மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லிக் குப்பியை எடுத்துப் போனேன். மிச்சம் இருந்த மாத்திரைகளைத் தோணித்துறை ஓரத்தில் கடலில் கொட்டினேன். மருந்துக்கடையில், பிள்ளைக்குச் சரியாகிவிட்டது, இனி வரவழைக்க வேண்டாம் என்றேன். கடைக்காரர் சந்தோஷப்பட்டு, கற்கண்டு கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, "கப்பல் வரல வடிவு. யுத்தம்... இனி எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றேன். பிறகு பூசை அலமாரியை நானே மஞ்சள்தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிள்ளைக்காக உருகுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அலமாரியில் பழைய காலிக்குப்பி ஒன்று இருந்தது. அதில் திருநீற்றை நிரப்பி அதே இடத்தில் வைத்தாள் வடிவு. கோமு விவரம் தெரியாமல் காலைதோறும் அதன்முன் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். வடிவு வெறும் பாகைத் தடவுவாள். பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அந்த நேரத்தில் குளிக்கப் போகும் பழக்கம் வந்துவிட்டது.

பிறகு வாய் திறக்க வருவதும் நின்றது. கை மறுபடி குளிர்ந்தது. நடந்தவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் தூங்கினாள். "ம்மா" போயிற்று. காக்காய் வந்து முற்றத்தில் கத்தினாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

வடிவு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள். தூரத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பாள். ஒருநாள் தோணி ஓட்டுகிற தண்டல் ஒருவரை நிறுத்திக் கேட்டிருக்கிறாள். அவர், கொழும்பிலிருந்து சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது தாயி என்று சொல்லிவிட்டார். மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"சரக்கு வருதாம்லா! நீங்க ஏன் வரலைன்னு சொல்லுதிய?"

"பட்டாளத்துக்கு வாரது ஏளா. நமக்கெல்லாம் தருவானா?" என்றேன். கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னேன். அந்த வாரம்தான் மருந்துப் பெட்டிகளை நான் என் கையால் தட்டி எண்ணி, அதே கடைக்கு அனுப்பியிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட, பயந்தாங்கொள்ளி என்று சொல்லி என்னைத் தள்ளிவிடலாம். ஆனால் யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் வெடி போட்டார்கள். நான் ஆபீஸ் விட்டு வருவதற்குள் வடிவு தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி, பிள்ளைக்குப் பொட்டிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சிட்டாமே! இனி மாத்திரை வந்துரும்லா?"

என்னால் அன்று வாங்கிவந்திருக்க முடியும். வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு எதையும் விளக்க வேண்டியதில்லை. கடவுளாகப் பார்த்துத் திறந்துவிட்ட வாசல் அது! ஆனால் மருந்து திரும்பி வந்தால் பேச்சும் திரும்பி வரும், குப்பியைத் தெருவெல்லாம் காட்டுவாள், எதில் செய்தது என்று கேட்பார்கள்... நான் சொன்னேன்: "அந்தக் கம்பெனி மேலயே குண்டு போட்டுட்டானாம். இனி அந்த மருந்தே கெடையாது."

அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டினாள். அதன்பிறகு அவள் கடற்கரைக்குப் போனதே இல்லை.

இந்தக் கதையில் தண்டனை பெற்றவன் யார் என்று நீங்கள் தேடுவீர்கள். நான் இல்லை. எனக்கு உத்தியோகம் உயர்ந்தது. மடத்தில் முதல் இலை இன்றும் எனக்குத்தான். உலகநாதனின் மகன் பிழைத்துக்கொண்டான். எங்கள் துறைமுகத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், பனைமரம் போல வளர்ந்த பையன். என்னைக் கண்டால், "பெரியப்பா, நல்லா இருக்கியளா?" என்று எழுந்து நிற்கிறான். நான் அவசர வேலை இருப்பதுபோல் நடந்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் எனக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. விடாத இருமல், ராத்திரி ஜுரம். ஊர் டாக்டர் சுறாமீன் ஈரல் எண்ணெய் எழுதிக் கொடுத்தார். மீன் எண்ணெய்! கேட்டதும் எனக்கு ஆசாரம் நினைவுக்கு வந்ததா? வரவில்லை! சாவுதான் நினைவுக்கு வந்தது. மறுபேச்சில்லாமல் வாங்கிவந்தேன். வடிவிடம் மட்டும் தயங்கித் தயங்கி, இது என்ன எண்ணெய் என்று சொன்னேன். முகம் சுளிப்பாள், அழுவாள், பூசை அறைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் என் கையிலிருந்த குப்பியை வாங்கி, மூடியைத் திறந்து, கரண்டியில் ஊற்றினாள்.

"இதுக்கா இப்படித் தயங்குதிய? மருந்துல என்ன சைவம், என்ன அசைவம்? உசுரைவிடப் பெருசா?" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "நம்ம பிள்ளைக்கு மட்டும் அந்த மாத்திரை கெடச்சிருந்தா... ஆட்டை அறுத்துக் குடுத்தாத்தான் ஆகும்னு சொல்லியிருந்தாலும், எங் கையால அறுத்துக் குடுத்திருப்பேன்" என்றாள்.

நான் எண்ணெயை விழுங்கினேன். என்ன செய்ய? விழுங்கினேன்.

இருமல் நின்றுவிட்டது. உடம்பு தேறிவிட்டது. ஆனாலும் தெம்புக்கு நல்லது என்று வடிவு இன்னமும் நிறுத்தவில்லை. குப்பியைப் பூசை அலமாரியிலேயே வைத்திருக்கிறாள். கோமுவுக்கு இப்போது பாவாடை தாவணி கட்டுகிற பருவம் நெருங்குகிறது. உயரமோ என் இடுப்பைத் தொடவில்லை. ஒரு வயசுப் பிள்ளையின் பேச்சுகூட இல்லை. சுவரோரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இன்று காலை வடிவு அலமாரியைத் திறந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். அதுவும் பழுப்புக் குப்பிதான். மூலையில் ஏதோ அசைந்தது. கோமு சுவரைப் பிடித்து எழுந்தாள். தத்தித் தத்தி வந்து அலமாரிக்கு முன்னால் நின்றாள். நின்று, வாயை அகலத் திறந்தாள்.

இத்தனை வருஷங்கள் கழித்து! எல்லாம் போய்விட்டது என்று நான் நம்பியிருந்த அந்தத் தலைக்குள் இது மட்டும் இருந்திருக்கிறது.

"ஐயோ என் தங்கமே, இது ஒனக்குள்ளது இல்லம்மா. இது அப்பா மருந்து" என்று வடிவு சிரிக்கவும் அழவும் தெரியாமல் அவளை அணைத்துக்கொண்டாள்.

அந்த மாத்திரை இன்றும் கடையில் இருக்கிறது. ஆபீஸுக்குப் போகிற வழிதான். இப்போது கொடுத்தாலும் மூளை திரும்பாது, ஆனால் உடம்பு கொஞ்சம் தேறும், கை சுடும். நான் வாங்கமாட்டேன். வாங்கிக் கொடுத்து, பிள்ளை கொஞ்சம் தேறிவிட்டால், மருந்து எப்போதும் கடையில் இருந்தது என்றும், அன்றே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்றும் வடிவுக்குத் தெரிந்துவிடும். முன்பு பந்திக்குப் பயந்தேன், இப்போது அவளுக்குப் பயப்படுகிறேன்.

வடிவு ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி, மறு கையால் கரண்டியை என்னிடம் நீட்டினாள். கோமு வாயை மூடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாயைத் திறந்து என் மருந்தைக் குடித்தேன்.